பானையைக் கொண்டு வந்தவன் சிப்பி

1

பழவேற்காட்டு ஏரிக்கரையில், நம் குப்பத்தில் இருக்கும் சனங்கள் எல்லோருக்கும், கடலுக்கு அப்பால் கோட்டைக்காரர்களின் பெரிய பட்டணமான பத்தாவியிலிருந்து எல்லப்பன் சொல்லிக்கொள்வது. கோயில் வாசலில் உட்கார்ந்து இதைப் படித்துக்காட்டுகிறவர் கொஞ்சம் நிறுத்தி, உரக்கப் படியுங்கள். குப்பத்துத் தலைவர் நாட்டார் ஐயாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவர் ஒரு வார்த்தையையும் தவறவிடக் கூடாது.

எல்லப்பனுக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இங்கே துணி மூட்டைகளைக் கப்பலிலிருந்து படகில் இறக்கிக் கிடங்குக்குக் கொண்டுபோவதுதான் என் பிழைப்பு. நம் பக்கத்துத் துணிகள்தான். மூட்டை மேல் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து, தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். பழவேற்காடு என்பதுதான் நான் முதலில் படித்த வார்த்தை. அன்றைக்கு அந்த மூட்டையை இறக்கவே எனக்கு மனசு வரவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. சின்ன வயதில் முகத்துவாரத்தில் அலை எழும்பினால் படகின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் அந்தப் பயம் வேறு. அலை வரும், போகும். இங்கே இருக்கிற பயம் போவதில்லை. இந்த ஊரிலும் ஒரு கோட்டை இருக்கிறது. நம் ஊர்க் கோட்டையை இதன் முற்றத்தில் வைத்துவிடலாம், அவ்வளவு பெரிசு. காலையில் அதன் மணி அடித்தால் வாசல் திறக்கும். சாயங்காலம் அடித்தால் நாங்களெல்லாம் அவரவர் தெருவுக்குள் போய்விட வேண்டும். ஊர்வாசலைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு கேட்கப் போனால் கோட்டைக்காரன் ஏன் போகிறாய் என்பான். மீன் பிடிக்க என்றால், மீன் கடைத்தெருவிலேயே கிடைக்கிறதே என்பான். இதற்கு என்ன பதில் சொல்வது?

போன மழைக்காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். என் மனைவி சின்னம்மாள் காய்ச்சலில் கிடந்தாள். வைத்தியரிடம் தூக்கிப் போகும்போது தலையில் மழை படக் கூடாதென்று ஒரு காகிதக் குடையைப் பிடித்தேன். பாலத்தில் நின்ற சிப்பாய் குடையைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதித்தான். குடை பிடிக்க இன்னின்னாருக்குத்தான் உரிமை என்று கோட்டையில் உத்தரவாம். மழைக்கு அந்த உத்தரவு தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கைகூப்பி, "தப்புதான் சாமி" என்றேன். நனைந்துகொண்டே அவளைத் தூக்கிப் போனேன். என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2

இந்த முறை துணிக் கப்பலில் சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவர் வந்தார். கூத்தன் என்று பெயர். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் யார், எந்தக் குப்பம் என்று சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லப்பனா? நாகப்பனோட அண்ணனா? அடப்பாவி, நீ உசுரோடதான் கீறியா? உன் சிப்பி இன்னும் பானையிலதான்யா கீது! வருசா வருசம் உன் தம்பி போடறான். உன் மொறைக்குக் கெடச்ச மீனுல உனுக்குன்னு ஒரு பங்கு அம்மனுக்கு வெக்கிறான்."

நான் அங்கேயே கப்பல் துறையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை காலமாக இந்த ஊரில் எனக்கு ஒரு பிடி மண் சொந்தமில்லை. எங்கேயோ ஒரு பானைக்குள் என் சிப்பி கிடக்கிறது என்ற ஒரு நினைப்புதான் எனக்கென்று இருந்தது. அது நிஜம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்களுக்கே பாடு என்னவென்று சொல்வது கடலுக்குக் கொண்டுபோய் உப்பு விற்கிற கதைதான். ஆனாலும் சொல்கிறேன். என் மகனுக்கு இதே வார்த்தைகளில்தான் சொல்லி வளர்த்தேன், பிறகு நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

ஏரியில் இறால் ஓடுகிற இடம் எல்லா இடமும் இல்லை. நீரோட்டம் பார்த்து வலை கட்டுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடத்தைத்தான் பாடு என்கிறோம். பாடு யாருக்கும் சொந்தமில்லை. ஐப்பசி மழை ஓய்ந்து முகத்துவாரம் திறந்ததும் அம்மன் கோயில் முன்னால் பானை வைப்போம். மீசை முளைத்த ஒவ்வொருவனும் மட்டிச் சிப்பி ஒன்றில் தன் அடையாளத்தைக் கீறிப் போடுவான். கண்ணைக் கட்டி ஒருவர் எடுப்பார். வருகிற வரிசைப்படி பாடு. பணக்காரனும் சரி, ஒற்றை வலைக்காரனும் சரி, முறை வந்தால்தான் வலை. என் அடையாளம் ஒரு கொக்கியும் இரண்டு கீறலும்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவன் செத்தான் என்று தெரிகிறவரை அவன் சிப்பியும் பானையில் விழும். போட்ட சிப்பியைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தவனுக்கும் அவன் வம்சத்துக்கும் ஏரியில் பாடு கிடையாது. நான் பிறந்ததிலிருந்து அப்படி எடுத்தவன் ஒருவனையும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. பானையைக் கொண்டுவந்து வைக்கிறவர் நாட்டார். வைத்ததும் முதல் சிப்பியை அவர்தான் போடுவார். இதை நான் என் மகனுக்குச் சொன்னதே இல்லை. அது ஒரு சட்டம் என்று எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வேன்? சோற்றைக் கையால் தின்ன வேண்டும் என்று யாராவது சட்டம் போடுவார்களா?

3

என்னைக் கப்பலேற்றிய நாளை மறந்தவர்கள் இருந்தால் மற்றவர்கள் சொல்லுங்கள். கோட்டைக்காரர் பேச்சை நமக்குச் சொல்கிற துபாஷி வந்தார். வெள்ளை அங்கி, கையில் எலுமிச்சம்பழம். படகு தள்ளத் தெரிந்த ஆட்கள் வேண்டும், ஒரே ஒரு பருவம், போய்த் திரும்பிவிடலாம், துணிமணியும் நெல்லும் உண்டு என்றார். யாரை அனுப்புவது என்று நாட்டார் கேட்டார். துபாஷி சிரித்துக்கொண்டே சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"நீங்களே உங்க வழக்கப்படி பானையில போட்டு எடுத்துக் குடுங்க. உங்க வழக்கத்துல கோட்டை கை வெக்காது."

நமக்கு அப்போது எவ்வளவு பெருமை! கோட்டையே நம் பானைக்கு மரியாதை கொடுக்கிறது என்று கிழவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். வேறு சாதிக்காரர்கள் என்றால் சண்டை போட்டிருப்பார்கள், இல்லை ஓடி ஒளிந்திருப்பார்கள். நாம் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிப் பானையை வைத்தோம். நாட்டார் ஐயா முதல் சிப்பியைப் போட்டார். அவர் சிப்பியே வந்தது. கொஞ்சமும் முகம் கோணாமல் தனக்குப் பதிலாகத் தன் மூத்த மகன் கன்னியப்பனை அனுப்பினார். பிறகு என் சிப்பி வந்தது.

என் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. முறை வந்துவிட்டது, முறை என்றால் போகத்தானே வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அம்மன் கையே என்னை எடுத்ததாக எனக்கு எண்ணம். நாங்கள் கைகால் கட்டாமல், காவல் இல்லாமல், வரிசையாக நடந்துபோய்க் கப்பலேறினோம். அப்படி ஏறியவர்கள் அந்தக் கப்பலில் நாங்கள் மட்டும்தான்.

நாட்டார் ஐயா, கன்னியப்பன் இந்த ஊர்க் கால்வாய்க் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இதைச் சொல்லி அனுப்ப எனக்கு இத்தனை நாள் தைரியம் வரவில்லை. "எங்க நைனாவாண்ட சொல்லு, நான் மொறையை முடிச்சிட்டேன்னு" என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. அவன் சிப்பியை இனிப் பானையில் போடாதீர்கள்.

பருவம் முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். கப்பலில் இடமில்லை என்றார்கள். அடுத்த பருவம் கேட்டேன். உன்னை யாரும் பிடித்து வைக்கவில்லையே, நீ சுதந்திர மனிதன், போகலாம் என்றார்கள். எப்படிப் போவது, நீந்தியா? பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் முகம் ஞாபகத்தில் நிற்கும். இங்கே முகம் ஞாபகத்தில் நிற்காமல் இருப்பதுதான் நல்லது.

4

சின்னம்மாள் ஆரம்பாக்கத்துப் பக்கம். உழவர் வீட்டுப் பெண். பஞ்ச வருசத்தில், சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, நம் ஊர்க் கோட்டை வாசலில் அரிசிக்கு மாற்றிக் கப்பலில் ஏற்றப்பட்டவள். இங்கே ஒரு விதவைத் துரைசாணியிடம் வேலை செய்து, அந்த அம்மாள் சாகும்போது விடுதலை பெற்றாள். பானையைப் பற்றி நான் பெருமை பேசினால் அவளுக்குப் பொறுக்காது. "உங்க ஊருல குலுக்கிப் போட்டு அனுப்புனாங்க, எங்க ஊருல அளந்து போட்டு அனுப்புனாங்க. வந்து சேந்த எடம் ஒண்ணுதானே" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நானும் நீயும் ஒன்றா என்று கேட்டிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எங்களுக்கு ஒரே மகன், முனியன். அவன் கூட்டாளிகள் அவனை வேறு ஏதோ பெயரில் கூப்பிடுகிறார்கள். என் வாயில் அது நுழையாது. அவன் பேச்சு பாதி மலாய், மீதியில் பாதி பறங்கிப் பேச்சு, மிச்சம் நமக்கு. நைனா என்ற வார்த்தையை மட்டும் நம் ஊர்ப் பிள்ளை மாதிரியே சொல்வான். பிற்பகலில் கோட்டை மைதானத்தில் கொட்டு அடித்துக் கொடி பிடித்துக்கொண்டு சிப்பாய்கள் நடப்பதை வேடிக்கை பார்க்கப் போவான். வீட்டுக்கு வந்து துடைப்பத்தைத் தோளில் வைத்து அதே மாதிரி நடந்துகாட்டுவான். 

ஒரு நாள் கேட்டேன், "அவங்க கொடிய பாத்தா உனுக்கு இன்னாடா அவ்ளோ சந்தோசம்?"

"நைனா, நீ வந்த ஊருக்காரன். நான் பொறந்த ஊருக்காரன். இது எங்க ஊரு. என் ஊரு கொடிய நான் பாக்காம யாரு பாப்பாங்க?"

அதில் தப்பு சொல்ல முடியவில்லை. எனக்கு ஏரி எப்படியோ அவனுக்கு இந்த நாற்றம் பிடித்த கால்வாய் அப்படி. அவனுக்கு இந்த மண் மேல் இருப்பது நிஜமான பாசம்தான். அந்தப் பாசத்தைக் கோட்டைக்காரன் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வானே என்பதுதான் என் பயம். ஊரும் கோட்டையும் ஒன்றில்லை என்று அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன்.  சாயங்கால மணி அடித்ததும் நானே முதல் ஆளாகக் கதவைச் சாத்துகிறேன். அப்படிப்பட்டவன் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்பான்?

அவன் என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பானையும் பாடும் பற்றிய கதை. சின்னதிலிருந்தே கேட்பான். மீசை அரும்பியதும் என்னை நச்சரித்து ஒரு சிப்பியில் கீறிக்கொண்டான். என் கொக்கியும் இரண்டு கீறலும், பக்கத்தில் தன் பங்குக்கு மூன்றாவது கீறல். அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். இவன் எவ்வளவு தூரம் போனாலும் நம் பிள்ளைதான் என்று நான் பூரித்துப் போனேன்.

கூத்தன் வந்த அதே வாரம் உத்தரவு வந்தது. கிழக்கே ஏதோ ஒரு தீவில் கலகமாம். ஒவ்வொரு தெருக்காரர்களும் வாலிபப் பிள்ளைகளில் சிலரைச் சண்டைக் கப்பலுக்குக் கொடுக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு தேசத்தாருக்கும் கோட்டை ஒரு தலைவனை வைத்திருக்கிறது, கப்பித்தான் என்று சொல்வார்கள். எங்கள் கப்பித்தானும் சோழமண்டலக் கரைக்காரர்தான், நன்றாகத் தமிழ் பேசுவார். எங்களையெல்லாம் கூட்டி வைத்துச் சொன்னார்.

"இந்த நாட்டு உப்பைத் தின்றோம். விசுவாசம் காட்ட வேண்டிய நேரம் இது. யாரையும் நான் பிடித்துக் கொடுக்க மாட்டேன். பழவேற்காட்டுக்காரர்கள் இங்கே அதிகம், உங்கள் ஊரில் பானை வைத்துச் சிப்பி போடும் வழக்கம் இருக்கிறதாமே? அதைப் போல நியாயம் உலகத்தில் உண்டா? அப்படியே செய்வோம். உங்கள் வழக்கத்தில் கோட்டை கை வைக்காது."

 வார்த்தை மாறாமல் அன்றைக்குத் துபாஷி சொன்ன அதே பேச்சு. உப்பை நான் தினமும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன், அதை யாரிடம் சொல்வது? சுற்றிலும் பார்த்தேன். நம் ஆட்கள் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் கண்ணில் தண்ணீர்கூட. இவ்வளவு தூரம் வந்த பிறகும் நம் பானைக்கு மரியாதை என்று.

5

முனியன் வீட்டுக்கு வந்ததும் கழுத்திலிருந்த நூலை அறுத்துச் சிப்பியைத் துடைத்து வைத்தான்.

"போடாதேடா" என்றேன்.

"இன்னா நைனா இது? பொறந்ததுலேர்ந்து இன்னா சொல்லிக்கினு வந்த நீ? மொறை வந்தா மூஞ்சி திருப்பக் கூடாதுன்னு சொல்லல? நாட்டாரு மவனையே அனுப்புனாருன்னு சொல்லல?"

"அது ஏரிடா. இது சண்டை."

"பானை ஒண்ணுதானே?"

 அடுப்படியிலிருந்து சின்னம்மாள் கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அந்தக் கப்பித்தானுக்கும் ஒரு மவன் கீறானே, அவன் சிப்பி உள்ள கீதா?"

முனியன் வெளியே போய்விட்டான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாட்டார் ஐயா பானையை வைத்ததும் குனிந்து முதல் சிப்பியைப் போடுவது என் கண் முன்னால் வந்தது. அவர் அதைப் போட்ட பிறகுதானே அது பானை? அதற்கு முன்னால் வெறும் மண்சட்டிதானே? என்னை அனுப்பின நாளில் நாம் எல்லோரும் போட்டோம், நாட்டார் போட்டார், நியாயம் என்று நினைத்தோம். ஆனால் அன்றைக்கு ஆள் கேட்டது நாட்டார் இல்லை, கோட்டை. கோட்டையின் சிப்பி எங்கே என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? ஏரியே இல்லாத ஊரில் பிறந்த ஒரு பெண் கேட்டுத்தான் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் கால்வாய்க் கரை முற்றத்தில் பானை வைத்தார்கள். ஒரு துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கொட்டுக்காரன், இரண்டு சிப்பாய்கள். கப்பித்தான் பானையின் கழுத்தில் பூச்சரம் சுற்றியிருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், அப்பன்மார் பின்னால். முனியன் தலைமுடிக்கு எண்ணெய் தடவி, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தான். அவன் முறை வந்ததும் சிப்பியைக் கண்ணில் ஒற்றிப் பானையில் போட்டான். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

நான் முன்னால் போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. 

"ஐயா, ஒரு சங்கதி கேக்கணும். உங்க மவன் சிப்பி போட்டாச்சுங்களா?"

கப்பித்தான் சிரித்தார். "என் மகனுக்குக் கோட்டையிலேயே வேலை, எல்லப்பா. அவன் எப்படிப் போவான்?"

"சரிங்க. அந்தத் தொரையோடது?"

சிரிப்பு நின்றது. நாற்காலியில் இருந்தவன், நான் என்ன கேட்கிறேன் என்று தன் பேச்சில் விசாரித்தான். கப்பித்தான் அவனிடம் ஏதோ சொன்னார், அவன் என்னைப் பார்த்து நல்லது நல்லது என்பதுபோலத் தலையசைத்தான். நான் கோட்டையை வாழ்த்துவதாகச் சொல்லியிருப்பார். பிறகு என் காதருகில் வந்து, "வாயைக் கொடுத்து வம்பை வாங்காதே, பின்னால் போ" என்றார்.

"எங்க ஊருல பானைய வெக்கிறவரு மொதல்ல போடுவாரு ஐயா. போடாத பானைக்கு நாங்க பானைன்னு பேரு வெக்கிறது இல்ல."

நான் சத்தமாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது என்று சின்னம்மாள் பிறகு சொன்னாள். நம் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்வார் என்று நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் பானைக்குள் கையை விட்டேன்.

அங்கே இருந்த பழவேற்காட்டுக்காரர்கள் எல்லோரிடமிருந்தும் ஒரு சத்தம் வந்தது. சிப்பாய்கள் புரியாமல் பார்த்தார்கள். கொக்கி, ஒன்று, இரண்டு, மூன்றாவது கீறல். என் கட்டைவிரலுக்கு அது தெரியும். எடுத்துக் கல் மேல் போட்டுக் குதிகாலால் மிதித்தேன். உடைந்தது. காலில் ரத்தம் வந்தது. "பாடு கெட்டவனே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நம் ஊர்க் குரல்தான், யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. துரைக்கு என்ன நடந்தது என்று விளங்குவதற்குள் கப்பித்தான் கொட்டடிக்கச் சொல்லி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கும் கோட்டையிடம் பயம்தான். தன் தெருவில் தகராறு என்று வெளியே தெரிந்தால் அவர் பதவி என்ன ஆகும்?

முனியனுக்கு அடுத்து நின்றது ரங்கனின் மகன். ரங்கன் காட்டுப்பள்ளிக்காரர், என்னோடு படகு தள்ளுகிறவர். அவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிள்ளையின் கை மூடியிருந்தது. ஒரு கணம் அந்தக் கை திறக்காது என்று நான் நம்பினேன். கப்பித்தான் ஒரு அதட்டுப் போட்டார். ரங்கன் தோளை விட்டார், பிள்ளை போட்டான்.

எடுத்தபோது அவன் சிப்பி வந்தது.

6

என் மகன் சிப்பி உள்ளே இருந்திருந்தால் யார் சிப்பி வந்திருக்கும்? இதைக் கேட்டுக் கேட்டு என் மண்டை காய்கிறது. ரங்கன் இப்போது வேறு படகுக்குப் போய்விட்டார். அவர் மனைவி தண்ணீர் எடுக்க எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஒரு நாள் சின்னம்மாள் குடத்தை வாங்கிக்கொள்ளப் போனாள். அவள் கொடுக்கவில்லை.

என்ன நடக்கும் என்று தெரியவில்லை. கப்பித்தான் இன்னும் கோட்டையில் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம், "என்ன எல்லப்பா, சௌக்கியமா?" என்று கேட்கிறார். பாலத்தில் சிப்பாய்ச் செருப்புச் சத்தம் கேட்டால் கையிலிருக்கிற சோறு கையிலேயே நிற்கிறது. இதை எழுதும்போதும் கதவைச் சாத்தித்தான் எழுதுகிறேன். சாத்துகிற கதவு யாரையும் தடுக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சாத்துகிறேன்.

அதையெல்லாம்விட எனக்குக் கஷ்டம் முனியன்தான். காப்பாற்றியதற்கு அழுது காலில் விழுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வியையும் எதிர்பார்க்கவில்லை.

"நைனா, போவறதும் போவாததும் யாரு இஷ்டம்? கோட்டை என்னைக் கேக்கல. சரி, அது கோட்டை, கேக்காது. நீ கேட்டியா? எல்லார் எதிர்லயும் என் சிப்பிய ஒடச்ச. உனுக்கும் அவங்களுக்கும் இன்னா வித்தியாசம்?"

நீ செத்துப்போவாய்டா, அதனால்தான் என்றேன். அவன் எழுந்து போனான். சின்னம்மாளைப் பார்த்தேன். எப்போதும் சுடச்சுட ஏதாவது சொல்கிறவள் அன்றைக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முனியன் இப்போது கூட்டாளி வீட்டில் படுக்கிறான். சோற்றுக்கு மட்டும் வருகிறான், அதுவும் நான் படகுக்குப் போன பிறகு.

கூத்தன் நாளைக்குக் கப்பலேறுகிறார். இதை அவர் மடியில் கட்டிக்கொண்டு வந்து உங்களிடம் கொடுப்பார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

கோட்டைக்காரர்கள் மறுபடியும் வருவார்கள். வேறு கொடி பிடித்துக்கொண்டுகூட வரலாம். வழக்கத்தில் கை வைக்கமாட்டோம், நீங்களே போட்டு எடுத்துக் கொடுங்கள் என்பார்கள். மரியாதை என்று நினைத்து மயங்கிவிடாதீர்கள். உங்கள் சிப்பி எங்கே என்று முதலில் கேளுங்கள். எனக்குக் குரல் எழும்பவில்லை, தனியாக நின்றதால். நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் கேட்கும்.

நாட்டார் ஐயா, நான் போட்ட சிப்பியைப் பானையிலிருந்து எடுத்தவன். அது கோட்டையின் பானைதான், நம் பானையில்லை என்று எனக்காக யாராவது பேசக்கூடும். வேண்டாம். அன்றைக்கு அங்கே நின்ற நம் ஆட்கள் அத்தனை பேரும் அதை நம் பானை என்றுதான் நம்பினார்கள், ரங்கனும் நம்பித்தான் போட்டார். தீர்ப்பு எனக்குத் தெரியும். நாகப்பா, இந்த ஐப்பசி மழை ஓய்ந்ததும் என் சிப்பியைப் போடாதே. எனக்காக அம்மனுக்கு வைக்கிற பங்கையும் நிறுத்திவிடு. இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருக்கும்.

ஆனால் அந்தச் சிப்பியை ஏரியில் வீசிவிட வேண்டாம். அடுத்த துணிக் கப்பலில் கூத்தனிடமோ வேறு யாரிடமோ கொடுத்தனுப்பு. முனியனிடம் இப்போது சிப்பி இல்லை. என்னுடையதில் கொக்கியும் இரண்டு கீறலும் இருக்கின்றன, மூன்றாவதை வேண்டுமானால் அவனே போட்டுக்கொள்ளட்டும். எந்தப் பானையில் போடுவது, போடாமல் விடுவது என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.